மெல்பேர்னிலிருந்து திறந்த கதவு

அம்பிட்டிய பக்கம் சரிவில் வீடு கட்டுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. கராஜ் மேலே வீதியோடு ஒட்டி நிற்கும். வீடு அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். தம்பி கட்டிய வீடும் அப்படித்தான். காரை மேலே விட்டு, கராஜின் பின்பக்கத்துச் சிறிய கதவைத் திறந்து, சிமெந்துப் படிகளில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். மழை பெய்யும்போது சமையலறையில் நின்றால் மேலே கராஜ் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும்.

நான் மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருக்கும்வரை டவுனில் ஒரு வாடகை வீட்டில் அவரோடு இருந்தேன். அம்மா போன பிறகு, மெல்பேர்னில் குடியேறியிருந்த தம்பி இந்த வீட்டைக் கட்டினான். என்றாவது ஒரு நாள் திரும்பி வருவேன் என்பான். "அதுவரைக்கும் நீங்க இருங்கக்கா. நீங்க இருந்தாத்தான் அது வீடு. இல்லாட்டி வெறும் சுவருதான்" என்றான். நானும் போனேன்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்த ரோலர் கதவைப் போட்டான். அதற்கு மோட்டர் உண்டு. கைபேசியில் தொட்டால் ஏறும், தொட்டால் இறங்கும். "முழங்கால் வலியோட படி ஏறி ஏறிப் பார்க்கத் தேவையில்லக்கா. கட்டில்ல படுத்துக்கிட்டே மூடலாம்" என்று செயலியை என் போனிலும் போட்டுத் தந்தான். அதில் அவன் உரிமையாளர், நான் விருந்தினர். விருந்தினர் என்றால் என்ன என்று கேட்டேன். "அது சும்மா அவங்க வச்ச பேருக்கா. நீங்க தொறக்கலாம், மூடலாம். செட்டிங் மட்டும் மாத்த ஏலாது, அவ்வளவுதான்" என்றான்.

கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு அங்கே செய்தி போகும். ஆரம்பத்தில் நான் காரை எடுத்து வளைவைத் தாண்டுவதற்குள் போன் அடிக்கும். "எங்கக்கா, மார்க்கட்டுக்கா?" என்பான். நாவலப்பிட்டியில் இருக்கும் பழைய சிநேகிதியைப் பார்க்கப் போனால், "மழையில பாத்து ஓட்டுங்க" என்பான். நான் வெளியே போவதும் வருவதும் ஒருவருக்குத் தெரிகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், பாண் வாங்கவேண்டிய அவசியமில்லாத நாட்களிலும் காரை எடுத்திருக்கிறேன்.

பிறகு அந்த அழைப்புகள் குறைந்தன. அவனுக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஆயிரம் இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னான்: "மீட்டிங் நடக்கிற நேரமெல்லாம் டிங் டிங்னு வருதுக்கா. அதனால அந்தச் சத்தத்த நிப்பாட்டி வச்சிருக்கேன்." நானும் சிரித்தேன். அடுத்த நாள் காரை எடுத்தபோது, போன் அடிக்காது என்று தெரிந்தும் வளைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் போனேன்.

கதவு எப்போதும் சொன்னபடி கேட்கவும் இல்லை. இடி இடித்து வீட்டிலிருந்த ரவுட்டர் எரிந்துபோன அன்று, நான் மார்க்கட்டிலிருந்து வந்து கராஜுக்கு முன்னால் நிற்கிறேன். போனைத் தொடுகிறேன், கதவு அசையவில்லை. தொடர்பு இல்லை என்று மட்டும் காட்டுகிறது. மழை கொட்டியது. எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் குடையோடு ஓடி வந்தார். மடவளையிலிருந்து அங்கே வாழ வந்தவர். கணவருக்கு டவுனில் துணிக்கடை. அதுவரை நாங்கள் கையசைத்துக்கொண்டதோடு சரி.

"என்ன மிஸ், சொந்த வீட்டுக்கு முன்னால நனைஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? வாங்க உள்ளுக்கு."

தேநீர் தந்தார். அவருடைய கணவர் வந்து, எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் இருந்த இரும்புக் கேட்டின் துருப்பிடித்த பூட்டை உடைத்துத் திறந்துவிட்டார். அந்த வழியாக வீட்டுக்குப் போய், உள்ளிருந்து கராஜுக்கு ஏறி, மோட்டரிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தேன். அதன் பிறகுதான் கதவைக் கையால் தூக்க முடிந்தது. "என்னதான் போன்ல தொறந்தாலும் கையில ஒரு சாவி ஈக்கணும் மிஸ்" என்றார் அந்தப் பெண், தன் ஊர்ப் பேச்சில்.

புது ரவுட்டர் வந்தது. கொஞ்ச நாளைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் முற்பகல், கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மேலே மோட்டர் உறுமும் சத்தம் கேட்டது. மழை இல்லாததால் நன்றாகக் கேட்டது. என் போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. நான் ஏறிப்போகும்போது கதவு முழுதாக ஏறி நின்றது. வெளியே யாரும் இல்லை. வெயில் காரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கதவு தானாக இறங்கியது.

கீழே இறங்கிப் போனை எடுத்துத் தம்பிக்கு அழைத்தேன். உடனே எடுத்தான்.

"தம்பி, கதவு தானா தொறந்து தானா மூடுதுடா. யாரும் கள்ளனுங்க போன்ல இருக்கிற அந்த அப்புக்குள்ள புகுந்துட்டானுங்களோ?"

"இல்லக்கா, இல்ல. நான்தான் வேல செய்யுதான்னு பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

"சாரிக்கா. மறந்துட்டேன்."

அவன் சொன்னதை நம்பினேன். ஆனாலும் பயம் போகவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது, உள்பக்கமாக ஒரு பூட்டுப் போடச் சொன்னார். வாங்கிப் போட்டேன். அதைத் தம்பியிடம் சொன்னதும் பதறினான். "ஐயோ அக்கா, பூட்டு இருக்கிற நேரம் நான் தெரியாம போன்ல அமத்தினா மோட்டர் எரிஞ்சிடும். கழட்டுங்க, ப்ளீஸ்." நீ ஏன் அமத்தப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பூட்டைக் கழற்றினேன். கராஜிலிருந்து படிக்கு இறங்கும் சிறிய கதவில் மட்டும் இரவில் ஒரு கதிரையைச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

அடுத்த வாரம் மத்தியானம் சோற்றில் கை வைத்திருக்கும்போது மோட்டர் மறுபடியும் ஓடியது. இந்த முறை ஆட்களின் குரலும் கேட்டது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏறினேன். கராஜுக்குள் மூன்று பேர் நின்றார்கள். முழுக்கைச் சட்டை போட்ட நடுவயது மனிதர் ஒருவர், கையில் போன். பக்கத்தில் ஒரு சிங்கள இளம் தம்பதி. கணவன் அளவு நாடாவின் ஒரு முனையைச் சுவரில் பிடித்திருந்தான்; மறுமுனை மனைவியின் கையில்.

"யாருங்க நீங்க? எப்படி உள்ளுக்கு வந்தீங்க?"

சட்டைக்காரர் பதறவில்லை. "வீடு பாக்க வந்தோம்மா. ஓனர்தான் மெல்பேர்ன்ல இருந்து தொறந்து விட்டாரு. போன வாரமும் நான் அந்த வளைவில நின்னு போன் பண்ணினேன், தொறந்து காட்டினாரு. அன்னைக்கு இவங்க வரல, அதனால நானும் திரும்பிட்டேன்." பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழ பாத்துக்கிற அம்மா ஒருத்தர் இருக்காங்கன்னாரு. நீங்கதானே?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "நான் அவரோட அக்கா" என்றேன். அந்த மனிதரின் முகம் மாறியது. அந்தப் பெண் அளவு நாடாவைக் கைவிட்டாள். அது சர்ரென்று சுருண்டுகொண்டது. வேறு நாள் வருகிறோம் என்று சிங்களத்தில் சொன்னாள். வெளியே போகத் திரும்பியவளை நான்தான் கூப்பிட்டேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? கீழே அழைத்துப்போய் அறை அறையாகக் காட்டினேன். பின்பக்க அறைச் சுவரில் மழைக்கு ஈரம் வருவதையும் மறைக்கவில்லை. என் அறைக்கு வந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "வா மகள், பார்" என்றேன். அலுமாரி இருந்த இடத்தில் தொட்டில் போடலாம் என்று கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் மாசமாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவர்கள் போன பிறகு சோறு காய்ந்துபோயிருந்தது. கொட்டிவிட்டுத் தம்பியை அழைத்தேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்க பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன்... நாங்க இனி திரும்பி வர மாட்டோம்க்கா."

"அது உன் வீடு. விக்கிறது உன் இஷ்டம்."

"உங்களுக்கு நல்ல இடமாப் பாத்துத் தர்றேன்."

"நானே பாத்துக்கிறேன்."

அவன் அழுதானோ என்னவோ, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சின்ன வயதில் அவன் அழுதால் நானும் அழுதுவிடுவேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டை அந்தத் தம்பதியே வாங்கினார்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. வீடு மாறும் நாளில், வேனில் முதல் சாமான்களை இறக்கிவிட்டு மிச்சத்தை எடுக்கத் திரும்பி வந்தேன். கராஜ் முன்னால் நின்று போனைத் தொட்டேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடியும் தொட்டேன். அதேதான். வீட்டு விற்பனை உறுதி எழுதி முடிந்ததும் தம்பி செயலியைப் புது உரிமையாளருக்கு மாற்றிவிட்டான். சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தேவைப்படும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பக்கச் சுவரின் இரும்புக் கேட்டுக்கு அவனே ஆள் வைத்துப் புதுப் பூட்டுப் போட்டிருந்தான். அவனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.

"என்னம்மா, சாவி இல்லையா?" என்றார் வேன்காரர்.

கடைசியில் வீடு வாங்கிய அந்தப் பெண்ணுக்குத்தான் அழைத்தேன். கொழும்பில் வேலையில் இருந்தாள். "ஐயோ ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று அங்கிருந்தே திறந்துவிட்டாள். கதவு ஏறியது. கட்டில், அலுமாரி, பாத்திரப் பெட்டி எல்லாம் ஏற்றி முடிந்ததும், மூடுவதற்கும் அவளையே கேட்டேன். கவனமாகப் போங்கள் என்றாள். நல்ல பெண்.

வழியில் தம்பி அழைத்தான். "கால் பண்ணியிருந்தீங்களாக்கா?"

"ஒண்ணுமில்லப்பா. வேல முடிஞ்சிச்சு."

அதற்கடுத்த விடுமுறையில் அவன் தனியாக வந்தான். டவுனில் ஹோட்டலில் தங்கிக்கொண்டு ஒரு பின்னேரம் என் அறைக்கு வந்தான். கீழே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே போயின. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தான்.

"இன்னும் கோவமாக்கா?"

"கோவம் இல்லடா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவங்களுக்கு நானே கதவத் தொறந்து விட்டிருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன், படங்கள் காட்டினான். இருட்டுவதற்கு முன் போக வேண்டும் என்று எழுந்தான். கீழே பஸ் தரிப்பிடம்வரை கூடப் போனேன். முச்சக்கரவண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விட்டான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான், மறக்காத வாரங்களில். தையல் கடை மூடியிருக்கும் பௌர்ணமிப் போயா நாட்களில் சாயங்காலம்வரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அப்போது எதிர் வீட்டுப் பெண்ணை அழைக்கலாம் என்று தோன்றும். அவருடைய போன் இலக்கத்தை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.