பல்பொடி வண்டியில் பதினெட்டு நாள்

அறுபதுகள்ல நாலு வருஷம் நாங்க ஒரு வேனுக்குள்ள குடித்தனம் பண்ணோம். இப்ப சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. வீட்டுக்காரரு ஒரு பல்பொடிக் கம்பெனிக்கு விளம்பர வண்டி ஓட்டினாரு. ஊர் ஊரா போயி, சந்தைத் திடல்ல நிறுத்தி, பொழுது சாஞ்சதும் திரை கட்டி ரெண்டு துண்டுப்படம் காட்டணும். மறுநாள் காலையில பொடி விக்கணும். மாசத்துல பாதி நாளுக்கு மேல ஊர் சுத்துறவருக்கு விழுப்புரத்துல வாடகை வீடு ஒரு கேடான்னு நான்தான் கேட்டேன். வாய்க்கொழுப்பு. "அப்ப நீயும் ஏறிக்க"ன்னாரு. இடுப்புல கைக்குழந்தையோட ஏறிட்டேன்.

வண்டியோட ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வரைஞ்ச ஒரு பொம்பள முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிச்சுக்கிட்டு நிப்பா. உள்ள படம் காட்டுற மெஷினு, பொடி டப்பா அடுக்கின அட்டைப்பெட்டி. அதுக்கு மேல பலகை போட்டுப் படுக்கை. ஸ்டவ்வ வெளிய எறக்கி வச்சுத்தான் சமையல். குளிக்கத்தான் இடம் கெடையாது. அதனால சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுன்னா எங்களுக்கு வேற அர்த்தம். மத்தவங்க பலகாரம் கொண்டு போவாங்க, நாங்க அழுக்குத் துணி மூட்டையோட போவோம். எந்த ஊர்ல யாரு வீட்டுக் கெணத்துல தண்ணி ஜாஸ்தி, யாரு வீட்டுக் கொல்லையில மறைப்பு இருக்குன்னு எனக்கு மனப்பாடம்.

அந்த ஓட்டத்துல நான் ஒரு புத்தி கெட்ட காரியம் பண்ணேன். அப்பல்லாம் ஊருக்கு ஊரு அம்மை குத்துறவரு நோட்டோட வருவாரு. கதவு நம்பரச் சொல்லி, வீட்டுல எத்தினி புள்ளைங்கன்னு கேட்டுக் குத்திட்டுப் போவாரு. எங்களுக்குத்தான் கதவு நம்பரே இல்லையே. வண்டிகிட்ட வந்து கேட்டா, "போன ஊர்லயே குத்தியாச்சுங்க"ன்னுடுவேன். பண்ருட்டியில கேட்டா விழுப்புரத்துல ஆச்சும்பேன், விழுப்புரத்துல கேட்டா பண்ருட்டியில ஆச்சும்பேன். திருக்கோவிலூர் சந்தையில ஒரு புள்ளைக்குக் குத்தின கை தோள் வரைக்கும் வீங்கி, காய்ச்சல்ல துவண்டு கெடந்தத பாத்திருந்தேன். ஓடுற வண்டியில என் பொண்ணுக்கு அப்படி வந்தா நான் யாரக் கூப்புடுவேன்? பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்கா எனக்கு? அந்தப் பயத்துல சொன்ன பொய்யி. வீட்டுக்காரர்கிட்டயும் குத்தியாச்சுன்னே சொல்லி வச்சிருந்தேன். பொண்ணுக்கு மூணு வயசு முடிஞ்சும் கையில ஒரு தழும்பு கெடையாது.

அந்த வருஷம் அக்காவுக்குப் புள்ள பொறந்துச்சு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு. மேல்பட்டாம்பாக்கத்துல வாழ்க்கைப்பட்டிருந்தா. எங்களுக்குக் கூடப்பொறந்த ஆம்பள இல்ல, அம்மா போயும் ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. அவளுக்குத் தாய் வீடுன்னா நான்தான். பதினாறாம் நாள் பேர் வைக்கறப்ப நான் போயிப் புள்ளைக்குக் கருப்பு வளையலும் அரைஞாணும் போடணும். அதெல்லாம் வாங்கி ஒரு பல்பொடி டப்பாவுல பத்திரமா வச்சிருந்தேன்.

போற வழியில சிதம்பரத்துல ரெண்டு நாள் வேலை. அங்க கீழ வீதியில ஒரு சந்துல வீட்டுக்காரரோட பழைய கூட்டாளி இருந்தாரு. ரெண்டு பேரும் ஒரே லாரியில கிளீனரா இருந்தவங்க. எப்பப் போனாலும் அவுங்க வாசல்லதான் வண்டி நிக்கும், அவுங்க கெணத்துலதான் எங்க குளியல். அந்தக் கூட்டாளியோட சம்சாரம் என்னப் பாத்தா, "வந்துட்டியாடி ஊர்சுத்தி"ன்னு வாய் நிறையச் சிரிக்கும்.

அந்தத் தடவ வேலை முடிஞ்சு ரெண்டாம் நாள்தான் போனோம், அன்னிக்குச் சிரிக்கல. "உள்ள வேணாம், கொல்லப்பக்கமா போயித் துவைச்சுக்க"ன்னுச்சு. தன் வீட்டுக்காரர் எங்கயோ வெளியூர் போயிருக்காருன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னுது. சரி, ஏதோ சண்ட போலன்னு நெனச்சேன். நான் துணி அலசி முடிக்கிற வரைக்கும் எம்பொண்ணு வழக்கம் போல அவுங்க பையனத் தேடி உள்ள ஓடிப் போயி வெளையாடுது. நானும் கவனிக்கல, கூட்டாளி சம்சாரமும் அடுப்படி வேலையில கவனிக்கல போலருக்கு. கெளம்பறப்ப, "போயிட்டு வரோம்"னேன். அது ஒண்ணும் சொல்லாம மூஞ்சத் திருப்பிக்கிச்சு. நான் ரெண்டு தடவ சொன்னேன். நெலப்படியப் பிடிச்சுக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டே நின்னுச்சு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வண்டி வெள்ளாத்துப் பாலம் தாண்டுற வரைக்கும் பொரிஞ்சு தள்ளினேன். "போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்? நாலு வாளித் தண்ணி எறைச்சது அவ்ளோ பெருசாப் போச்சா அதுக்கு?" வீட்டுக்காரரு, "விடேண்டி, அதுக்கு என்ன கஷ்டமோ"ன்னாரு. அப்பத்தான் பொண்ணப் பாத்தேன். கையில ஒரு வேப்பங்கொத்து வச்சு பொம்மைக்கு விசிறிக்கிட்டு இருக்குது.

"ஏதுடி இது?"

"அண்ணனுக்கு இப்படித்தாம்மா அத்த விசிறுனாங்க. அண்ணன் மூஞ்சி பூரா கொப்பளம். வேப்பெல மேல படுத்திருக்கு. நான் பொரி ஊட்டி விட்டேன்."

அம்மை கண்ட வீட்டுல வந்தவங்களப் போயிட்டு வான்னு சொல்ல மாட்டாங்க. வழியனுப்ப மாட்டாங்க. இது எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து தெரியும். வாசல்ல வேப்பில செருகியிருந்தா தெருவுலயே நின்னிருப்பேன். செருகினா முனிசிபாலிட்டிக்காரங்க புள்ளைய ஊருக்கு வெளிய அம்மைக்காரங்களப் போடுற கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு மறைச்சிருக்கு. பாவி, எங்கிட்ட மட்டுமாவது காதோட சொல்லக் கூடாதா?

வீட்டுக்காரரும் வெளிறித்தான் போனாரு. ஆனா ஒடனே சமாளிச்சுக்கிட்டாரு. "நமக்குச் சின்ன வயசுலயே குத்தினது. பாப்பாவுக்கும்தான் குத்தியிருக்கே, பயப்படாத."

நான் பொண்ண இழுத்து மடியில இறுக்கிக்கிட்டேன். அவரு திரும்பி என் மூஞ்சப் பாத்தாரு, அப்புறம் பொண்ணோட கையப் பாத்தாரு. வண்டியப் புளியமரத்தடியில ஓரங்கட்டிட்டு, சட்டைக் கைய அவரே மேல ஏத்தினாரு. ரெண்டு கையையும் பாத்தாரு.

"நமக்குக் கதவு நம்பர் இல்லன்னா, எம்பொண்ணுக்குக் கையுமாடி இல்ல?"

அவரு என்ன அடிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். அதுக்கப்புறம் கடலூர் வர வரைக்கும் ஒரு வார்த்த பேசல. பொண்ணு மட்டும் பாட்டுப் பாடிக்கிட்டு வந்துச்சு.

மறுநாள் விடிஞ்சதும் மஞ்சக்குப்பத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம். அங்கயே கையில குத்தினாங்க. டாக்டர் என்னத் திட்டித் தீத்தாரு, நான் தலைய நிமித்தல. அப்புறம் சொன்னாரு: "பாத்த மறுநாளே கொண்டாந்துட்டீங்க. தப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதி இல்ல. பதினெட்டு நாள் பாக்கணும். அதுவரைக்கும் யாரு வீட்டுக்கும் போகாதீங்க. முக்கியமா பச்சப்புள்ள இருக்கற வீட்டுக்குப் போகவே கூடாது." எங்க பாத்தீங்கன்னு கேட்டாரு. வீட்டுக்காரரு சிதம்பரத்துக் கூட்டாளி வீட்டச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அந்த வாசல்ல எங்க வண்டி நின்னதில்ல. அந்தப் பையன் பொழைச்சுக்கிட்டான்னு பின்னால யாரோ சொன்னாங்க.

கம்பெனிக்கு எஞ்சின் ரிப்பேர்னு தந்தி அடிச்சோம். தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் ஆள் அரவம் இல்லாத சவுக்குத் தோப்புல வண்டிய விட்டோம். அக்காவுக்கும் ஒரு கார்டு போட்டேன். வண்டி ரிப்பேர், பதினாறாம் நாளுக்கு வர முடியாது, மன்னிச்சுக்கன்னு.

உண்மைய ஏன் எழுதலன்னு கேப்பீங்க. எழுதினா அக்கா வந்து நிப்பா. எனக்குப் பத்து வயசுல டைபாய்டு வந்தப்ப, எல்லாரும் தள்ளிப் படுக்க, மூணு வாரம் என் பாயிலயே படுத்துக் கெடந்தவ அவ. அம்மா இழுத்துப் பாத்தாங்க, வரல. எம்பொண்ணுக்குன்னா புள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு ஓடி வந்துடுவா. பதினோரு வருஷம் கோயில் கோயிலா சுத்திப் பெத்த புள்ள. எங்களால அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி விழறது?

நாளு நகரல. காலையில கண்ண முழிச்சதும் பொண்ணோட நெத்தியத் தொடுவேன். அப்புறம் நாக்கு, உள்ளங்கை, உள்ளங்காலு. கொசு கடிச்சிருந்தாக்கூட எனக்கு உயிர் போயி உயிர் வரும். அது, "அம்மா, கிச்சு கிச்சு மூட்டாத"ன்னு சிரிக்கும். கடல் எரைச்சல் எனக்கு அப்பப் பிடிக்காமப் போனதுதான், இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல.

எட்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்துடுச்சு. குத்தின எடமும் வீங்கியிருந்துச்சு. குத்தின கைக்குக் காய்ச்சல் வரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அம்மைக்கும் காய்ச்சல்தான் மொதல்ல வரும்னும் அவரேதான் சொல்லியிருந்தாரு. ரெண்டுல இது எதுன்னு யாரு சொல்லுவா? தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கூப்பிட்டேன். கோவத்துல ரெண்டு சாமியத் திட்டவும் செஞ்சேன்.

மறுநாள் வீட்டுக்காரரு குடத்த எடுத்துக்கிட்டு நல்ல தண்ணிக்குப் போயிருந்தாரு. பகல் பத்து மணி இருக்கும். பொண்ணு பலகையில அனத்திக்கிட்டுக் கெடக்குது. ஜன்னல் வழியா பாக்குறேன், ரோட்டுல ஒரு குதிரை வண்டி வந்து நின்னுச்சு. அதுலேர்ந்து அக்கா எறங்கினா. கையில துணியில சுத்தின புள்ள.

ஆளுயரப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற வண்டிய எந்தத் தோப்புலதான் ஒளிக்க முடியும்? யாரோ பாத்துட்டுப் போயிச் சொல்லியிருக்காங்க, ரிப்பேர்னு சொன்ன வண்டி அரை நாள் தூரத்துலகூட இல்ல, இங்கதான் நிக்குதுன்னு. பொறந்து ஒரு மாசம் ஆகாத புள்ளையோட படி தாண்டி வந்துட்டா.

நான் கதவ இழுத்து உள்தாழ் போட்டேன். கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தினேன். மணல்ல செருப்பு பொதைய பொதைய வந்து, கதவத் தட்டினா.

"ஏய், நான்டி. கதவத் தெற. பாரு, யாரு வந்திருக்கான்னு பாரு."

புள்ள சிணுங்கிச்சு. எனக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவுல ஒரு தகரம்தான். பொண்ணு அக்கா குரலக் கேட்டு, "பெரிம்மா"ன்னு எழுந்திரிக்கப் பாத்துச்சு. அது வாயப் பொத்தினேன். கொதிக்குது ஒடம்பு.

"என்னாடி, உள்ளதான இருக்க? ஒடம்புக்கு ஏதாவதா? சொல்லித் தொலையேன்!"

ஆமான்னு சொன்னா ஒடைச்சுக்கிட்டாவது உள்ள வந்துடுவா. அவளப் போக வைக்க எனக்கு ஒரே வழிதான் தோணுச்சு. இருக்கறதுலயே மோசமான வார்த்தையத் தேடினேன்.

"உம்புள்ளையப் பாக்க எனக்கு இஷ்டம் இல்ல. நீ பெத்தா ஊரே வந்து பாக்கணுமா? போ இங்கேர்ந்து!"

வெளிய தூக்குச்சட்டி ஒண்ணக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாக்குறப்ப அவ குதிரை வண்டியில ஏறிக்கிட்டு இருந்தா. தூக்குல பேர் வச்ச அன்னிக்குச் சுட்ட அதிரசம். எனக்குன்னு எடுத்து வச்சிருக்கா. என்ன பேரு வச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அத மடியில வச்சுக்கிட்டு, வீட்டுக்காரரு தண்ணியோட வர வரைக்கும் வாய்விட்டு அழுதேன்.

பதினோராம் நாள் பொண்ணுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டுச்சு. ஒடம்புல ஒரு பொட்டு இல்ல. கையில குத்தின எடம் மட்டும் பழுத்து, பொருக்குத் தட்டிச்சு. அப்பவும் நான் நம்பல. பதினெட்டு முடிஞ்சு, டாக்டர் பாத்துப் போகலாம்னு சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன். வண்டி பூராவையும் கழுவினோம், பாய கொளுத்தினோம், எல்லாரும் தலைக்குக் குளிச்சோம். பத்தொம்பதாம் நாள் மேல்பட்டாம்பாக்கம் போனோம்.

தெருவுல வண்டி சத்தம் கேட்டும் அக்கா வரல. நான் பல்பொடி டப்பாவக் கையில வச்சுக்கிட்டு எறங்கி, வாசல்ல நின்னு கூப்பிட்டேன். புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. மூஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா வந்தா, எங்கிட்ட வந்தா. நாலு எட்டுதான் பாக்கி.

"அக்கா, அம்மை கண்ட வீட்டுக்குத் தெரியாமப் போயிட்டோம்க்கா. பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்துச்சு அன்னிக்கு. சொன்னா நீ உள்ள வந்துடுவேன்னுதான் அப்படிப் பேசினேன்."

அக்கா நின்னுட்டா. எம்மூஞ்சியப் பாத்தா. வண்டி ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு இருந்த எம்பொண்ணப் பாத்தா. அப்புறம் ஒரு எட்டு பின்னால போனா. முந்தானைய இழுத்துப் புள்ள மூஞ்ச மூடினா.

"எத்தினி நாளாச்சு?"

"டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சுதுக்கா. நேத்தோட."

"இன்னும் ஒரு பத்து நாள் போவட்டும்டி"ன்னா. கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு. "கோச்சுக்காத."

நான் கோச்சுக்கல. டப்பாவப் படியில வச்சுட்டு நானே நாலு எட்டு பின்னால வந்து, வண்டியில சாஞ்சு நின்னேன். அவ நெலப்படிக்கு உள்ள போயி நின்னுக்கிட்டு, முந்தானைய வெலக்கிப் புள்ளையத் தூக்கிக் காட்டினா. அக்கா மாதிரியே மூக்கு. அன்னிக்குக் கதவுக்கு உள்ளேர்ந்து ஒரே ஒரு வார்த்த, அம்மைன்னு சொல்லியிருந்தா போதும். அவளே திரும்பிப் போயிருப்பா.