முதலாளிக்குப் பதில் உட்கார்ந்தவர்

என் அக்காவின் கணவருக்குத் தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயர் முதலாளி. ஆனால் அவர் தச்சர். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்துகொண்டிருந்தவரை, கை சுத்தம் என்று யாரோ சொல்லி, தனி விமானம் கட்டுகிற எங்கள் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். விமானத்துக்குள்ளே வரும் மேசை, அலமாரி, கண்ணாடி டம்ளர் உருளாமல் நிற்கும் பெட்டி எல்லாம் அவர் கைவேலை. பத்துப் பேர் போகிற விமானத்துக்கு இத்தனை அலமாரி எதற்கு அத்தான் என்று கேட்டால், "பணம் இருக்கறவனுக்குச் சாமானும் இருக்கும்டா" என்பார். நான் அங்கேயே பெயிண்ட் அடிக்கிறவன். வெளியழகு என் பொறுப்பு, உள்ளழகு அவர் பொறுப்பு என்று வீட்டில் இரண்டு பேரும் பெருமை பீற்றிக்கொள்வோம். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

முதலாளி என்ற பெயர் நாற்காலியால் வந்தது. விமானம் வாங்குகிற பெரிய மனிதர்களுக்கு நேரில் வந்து அளவு கொடுக்க நேரம் இருக்காது. உயரம், எடை, தோள் அகலம், தொடை நீளம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதே உடல்வாகு உள்ள ஒருவரை வேலையாட்களுக்குள் தேடிப்பிடித்து உட்காரவைத்து, அவர் உடம்புக்கு ஏற்ப நாற்காலியைச் செதுக்குவோம். அவரை அளவு ஆள் என்போம். அந்த விமானத்துக்கு ஆள் தேடியபோது அத்தான் அச்சு அசலாகப் பொருந்தினார். நல்ல தாட்டியான ஆள். தொந்திகூட ஒத்துப்போகிறது என்று பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

வாரம் ஒருமுறை அவரை எடை பார்த்துவிட்டு, நாற்காலிமேல் மெல்லிய விரிப்பு ஒன்றைப் போட்டு உட்காரவைப்பார்கள். பாரம் அதிகம் விழும் இடம் பக்கத்துத் திரையில் சிவப்பாகத் தெரியும், விழாத இடம் நீலமாகத் தெரியும். சிவப்பு வந்த இடத்தில், நாற்காலிக்கு மெத்தை வைக்கிற ஃபோம்காரர் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபோமைக் கத்தியால் சீவுவார். அவரும் அத்தானும் நெடுநாள் சிநேகிதர்கள்.

"முதலாளி, சௌகரியமா இருக்கா?"

"முதுகுல இடிக்குதுய்யா. உன்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்றேன்."

அந்தக் கேலி வெகுநாள் நீடிக்கவில்லை. பணக்காரர்களுக்கு என்ன கேடு வந்ததோ, புது விமானம் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பழையதை விற்க ஆரம்பித்தார்கள். கட்டி முடித்தும் வாங்க ஆளில்லாத விமானங்கள் வால் பகுதியில் பெயிண்ட்கூட இல்லாமல் வெளியே வெயிலில் நின்றன. தச்சுப் பகுதியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் தப்பித்தது அவருடைய உடம்பால்தான். அளவு ஆளை அனுப்பினால் நாற்காலி வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இந்த விமானம் கிளம்பற வரைக்கும் உங்களை யாரும் தொட மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு நல்லா சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க" என்று சூப்பர்வைசர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். காலேஜில் கடைசி வருடம். அவள் படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்காரும்வரை இந்த வேலை போகக்கூடாது என்பதுதான் அத்தானின் ஒரே நினைப்பு. அந்த நேரம் பார்த்து அவர் உடம்பு கரையத் தொடங்கியது.

அக்காதான் முதலில் கவனித்தாள். பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. இரண்டு ஆள் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவார். நாலு வாய்க்குமேல் இறங்காது. தட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"விமானம் போகட்டும். அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன்."

"விமானம் பெருசா, நீங்க பெருசா?"

"இப்போதைக்கு விமானந்தான்."

"தம்பி, நீயாவது சொல்லேன்டா" என்று அக்கா என்னிடம் வந்தாள். சொன்னேன். வள்ளென்று விழுந்தார். டாக்டர் லீவு போடச் சொல்வார், லீவு போட்டால் வேறு அளவு ஆளைத் தேடுவார்கள், அப்புறம் என் பெண்ணுக்கு நீ பதில் சொல்வாயா என்று கேட்டார். அதன்பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசவேயில்லை.

அவர் செய்த காரியத்தைத் தச்சர்களைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. பலகைமேல் மெல்லிய மரத்தோலை ஒட்டியதும், பசை காயும்வரை அது கிளம்பாமல் இருக்க ஈயக்குண்டு நிரப்பிய சின்னத் துணிப்பைகளை மேலே வரிசையாக வைப்பார்கள். ஆள் குறைந்துபோன பட்டறையில் அந்தப் பைகள் சும்மா குவிந்து கிடந்தன. எடை பார்க்கும் நாளில் அவற்றை இடுப்பின் இரண்டு பக்கமும் சட்டைக்கு அடியில் கட்டிக்கொண்டு போனார். உடம்பு இறங்க இறங்கப் பைகளைக் கூட்டினார். எடைக் கருவி எப்போதும்போலவே காட்டியது.

விரிப்பு மட்டும் ஏமாறவில்லை. இடுப்புக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று சிவப்பு காட்டியது. ஃபோம்காரர் சீவினார். அடுத்த வாரமும் சிவப்பு. மறுபடி சீவினார். ஃபோமே மட்டம் என்று திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தார்கள். அதிலும் அதே சிவப்பு. எஞ்சினியர் வந்தார், ஃபோமைக் கிள்ளிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். வாரா வாரம் அந்த மனிதரை உட்காரவைத்து அளந்த இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் அந்த விமானத்தை ஆர்டர் செய்த உண்மையான முதலாளியே ஒருநாள் தன் பைலட்டுடன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அப்படியும் இப்படியும் நெளிந்தார். "இடுப்புப் பக்கம் ரெண்டும் பள்ளமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் உடனே நாற்காலிமேல் விரிப்பைப் போடவைத்தார். அத்தானைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பெரிய மனிதர் வருகிற நாளில் எடை பார்த்தாலும் பார்ப்பார்கள் என்று அத்தான் பைகளோடுதான் வந்திருந்தார். நாற்காலிக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே கையை விட்டுத் தடவிய ஃபோம்காரர் அப்படியே நின்றார்.

"முதலாளி, என்ன இது?"

அத்தான் எழுந்து சட்டையைத் தூக்கி, பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தார். திரையில் நீலந்தான் இருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு, அதுவும் மங்கலாக.

"கொஞ்சம் நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார் ஃபோம்காரர், பழக்க தோஷத்தில்.

"இவ்வளவுதான்யா நான் இருக்கேன்" என்றார் அத்தான்.

ஃபோம்காரர்தான் அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பக்கத்துலயே படுத்துக் கிடந்தவ நான். பை கட்டிட்டுப் போனது எனக்கே தெரியலையேடா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தேறி வாருங்கள், பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் அதே விமானத்தின் வாலில் நான் அடித்த நீலப் பட்டையைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். பைலட் அங்கேதான் நின்றிருந்தார். எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"சார் வித்துட்டார். விலை இன்னும் விழறதுக்குள்ள தள்ளிவிட்டுட்டார். அவருக்கு இதுதான் வியாபாரம், விமானத்துக்கு முன்னாடியே ஆர்டர் குடுத்து வரிசையில இடம் பிடிச்சு, வேற ஆளுக்கு விக்கறது. இதுல அவர் ஏறவே போறதில்லன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

"அப்போ அந்த நாற்காலி?"

"கழட்டிப் போட்டுருவாங்க. வாங்கினவருக்குப் புதுசா அளவு எடுக்கணும்ல."

சுரண்டுகிற தகட்டை அவர்மேலேயே வீசலாமா என்று வந்தது. அவர் என்ன செய்வார், அவரும் சம்பளக்காரர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் படுக்கையில் ஒட்டிக் கிடந்தார். அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். விமானம் கிளம்பிவிட்டதா என்று கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, கோபம் அப்படி. நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த ஆளைத் திட்டுவார், என்னோடு சேர்ந்து இரண்டு வார்த்தையாவது சபிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"வாங்கினவர் எப்படிடா இருப்பார்? ஒல்லியா?"

"தெரியல அத்தான்."

"விசாரிச்சுப் பாரு. ஒல்லியா இருந்தா, நான் இருக்கேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லு."