திறந்து வைத்த பக்கம்

என் உளவியல் பாடப்புத்தகத்தில் மனித வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இடது ஓரத்தில் சிசு, வலது ஓரத்தில் முதுமை, நடுவில் கட்டம் கட்டமாக வயதுகள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பதினெட்டு வயதுக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அது என் மகள். என் நாற்பத்தேழுக்கும் ஒரு புள்ளி வைக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மைசூரில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஓய்வு பெறுவதற்குள் அங்கேயே கவுன்சிலராக வேண்டும் என்ற ஆசையில் தபால் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். இறுதி ஆண்டில் ஒரு ரெக்கார்டு எழுத வேண்டும். யாராவது ஒருவருடைய வளர்ச்சியைப் பிறப்பிலிருந்து இன்றுவரை விவரிக்க வேண்டும். முதல் பக்கத்தில் அவருடைய சம்மதக் கையெழுத்து இருக்க வேண்டும். நான் மகளைத் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

குறிப்புகளை முதலில் தமிழில் ஒரு பழைய டைரியில் எழுதினேன். நான் மேட்டூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி, மாநில எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தவள். கன்னடம் சரளமாகப் பேசுவேன், ஆனால் படிப்பது பஸ் போர்டு அளவுக்குத்தான். மகள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நாங்களும் சொல்லித்தரவில்லை. உண்மையைச் சொன்னால் அது எங்களுக்கு வசதியாகவே இருந்தது. பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது, டாக்டர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துவிட்டு நானும் கணவரும் வேலைக்குப் போவோம். அந்தப் பழக்கத்தில்தான் டைரியும் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

பத்தாம் வகுப்பிலிருந்து பொய் சொல்கிறாள் என்று அதில் எழுதியிருந்தேன். மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டே அன்றைய மனநிலையைக் கண்டுகொள்கிறேன், சில நாள் அவளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு நான்கைந்து வயதிருக்கும்போது சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிப்போவேன். ஆற்றுப் படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டு உட்காருவோம். அவள் தன் பாதங்களை என் பாதங்களின் மேல் வைத்துக்கொள்வாள். "மீனு உன்னையே கடிக்கட்டும்" என்பாள். அந்தச் சின்னப் பாதங்களின் கனத்தைப் பற்றி எழுதிவிட்டு, அதன் கீழே புத்தகத்தில் உள்ளபடி 'பாதுகாப்பான பற்று' என்று ஒரு தலைப்பும் போட்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய தோழி போன் செய்தாள். "ஆன்ட்டி, அவ காலேஜுக்கு வரலியா?"

மகளின் போன் அணைந்திருந்தது. பள்ளியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மேசையில் டைரி விரிந்து கிடந்தது. மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஏதாவது சீட்டு எழுதி வைத்திருக்கிறாளா என்று வீடு முழுக்கத் தேடினேன். ஒன்றுமில்லை. கணவர் ஃபேக்டரியிலிருந்து பைக்கில் வந்தார்.

"கோயிலு, ஆத்துப் பக்கம் எங்காச்சும் பாக்கலாமா?" என்றார்.

"இந்த வயசுல ஃப்ரெண்ட்ஸ்கிட்டதானுங்க போவாங்க. அந்தச் சாப்டர் எனக்கு மனப்பாடம்."

"உன் சாப்டரக் கொண்டுபோயி அடுப்புல போடு" என்றார். ஆனாலும் நான் சொன்ன பக்கமே வண்டியைத் திருப்பினார்.

மூன்று தோழிகளின் வீடுகள், கல்லூரி எதிரே ஜூஸ் கடை, பஸ் ஸ்டாண்டு. எங்கேயும் அவள் இல்லை.

ஆறு மணிக்கு அவளாகவே வந்தாள். சுடிதாரின் கால் பகுதி ஈரமாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். என் கையெழுத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றும் படமாக அதில் இருந்தன. கேமராவைக் காட்டினால் தமிழை இங்கிலீஷாக்கித் தரும் வசதி போனில் இருப்பது எனக்கும் தெரியும். அதை என் டைரியோடு சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை.

"என்னெ ஸ்டடி பண்றியாம்மா? நான் என்ன எலியா?"

"அக்கறையிலதான் கண்ணு..."

"பேடம்மா, சும்னிரு" என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தாள். "நான் சொன்ன பொய்யெல்லாம் எழுதிருக்கே. நீ கேட்ட கேள்வியெல்லாம் எங்கே? அதையும் எழுது."

"மொதல்ல சாப்புடட்டும் உடு" என்றார் கணவர்.

"நீங்க பரவால்லப்பா. உங்களப் பத்தி நாலே லைன்தான்."

எங்கே போயிருந்தாள் என்று கேட்டதற்கு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரத்தில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாடிப்படியில் யார் ஏறினாலும் என் காது இன்னும் அந்தக் காலடியைத்தான் தேடுகிறது.

போன மாதம் வந்தபோது டைரியை அவளிடமே கொடுத்தேன். "கிழிச்சுப் போடறதுன்னாப் போடு கண்ணு. நான் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவப் பத்தி எழுதறேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

"அவங்களயாவது ஒழுங்கா எழுது" என்று சொல்லி டைரியை அறைக்குள் எடுத்துப் போனாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து அறையில் பார்த்தேன். டைரி கட்டிலில் இருந்தது. ஒரு தாளும் கிழியவில்லை. படித்துறைப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் கன்னடத்தில் ஏதோ எழுதியிருந்தாள். பஸ் போர்டு படிப்பது போல எழுத்து எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தேன்.

'அன்றைக்கு இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். நான்கு மணி வரை இந்தப் படித்துறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.'

மூடி ஓரமாக வைத்தது இந்தக் கைதான். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. கணவருக்குப் படித்துக் காட்டினேன். "ஆத்துப் பக்கம்னு நான் சொன்னேனா இல்லியா?" என்று குரலை உயர்த்தினார். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

இப்போது சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு பள்ளி முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுகிறேன். படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்து, அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். "ஆத்துலதான் இருக்கேன் கண்ணு. நாலு மணி வரைக்கும் இருப்பேன்." முதல் இரண்டு வாரம் நீல டிக் மட்டும் வந்தது. போன வாரம் நான்காகச் சில நிமிடம் இருக்கும்போது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது.

'மீனு கடிக்குதா?'

கடிக்கிறது என்று பதில் அனுப்பினேன். நான்கு மணி தாண்டியும் நான் தண்ணீரிலிருந்து காலை எடுக்கவில்லை.