கேமராவில் வந்த பிரிண்டர்

வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் இன்று மதியம் ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வேலை செய்யும் செல்வி அக்கா போனை நீட்டினார்.

"ஏனுங்க, எங்கூரு தலைச்சோலைல எங்கூட்டுக் களத்துல காபி காயுதுங்க. இங்க மழை இருட்டீட்டு வருது. அங்கெப்படின்னு களத்துல மாட்டுன கேமராவப் போன்ல தொறந்தா, என்னமோ வருதுங்க."

திரையில் லாட்ஜின் பிரிண்டர், தனக்கு மை தீரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கேமரா மாட்டியவர் களத்தில் நின்றபடியே அதன் ஐ.பி. முகவரி எண்ணைத் திறந்து காட்டி, அதையே போனில் சேமித்துக் கொடுத்திருக்கிறார். அந்த எண் அவர்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டுமே கேமராவைக் குறிக்கும். லாட்ஜ் வைஃபையில் அதே எண் பிரிண்டருக்குச் சொந்தம். வெளியிலிருந்து யார் கேமராவைக் கேட்டாலும் வீட்டு ரூட்டர் உள்ளே விடாது.

இதைச் சொல்லி, "வீட்டில் இருந்தால்தான் தெரியும், அக்கா" என்றேன்.

"ஊட்டுல இருந்தா சன்னல்லயே பாத்துக்க மாட்டனுங்களா?"

அதற்குள் அவர் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மழை வந்து நொம்ப நேரமாச்சு கண்ணு. கேமராவுல பாத்துட்டு இப்பக் கூப்புடுவ, அப்பக் கூப்புடுவன்னு நானும் பாத்தேன். கடைசில நானே தார்ப்பாய் போட்டு மூடீட்டேன்."

உங்கள் வீட்டுக் கேமராவை, தெருமுனை தாண்டி நின்று ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?