பத்தொன்பதில் நான்கு

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில், வெயில் வானத்திலிருந்து அல்ல, மண்ணிலிருந்து மேலே அடித்த ஒரு சித்திரை. சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் மரக்கன்று நடும் வேலை நடந்தது. நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். சரிவைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எத்தனையாவது படி உயரத்தில் இருக்க வேண்டும் என்று எண் எழுதுவேன். ஒரு படி இரண்டடி. பக்கம் ஒட்டிய கட்டங்களுக்குள் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் கூடாது. தண்ணீர் தூக்கும் காண்ட்ராக்ட் பெண்கள் ஏறி இறங்க வேண்டுமே.

எண்கள் என்றால் எனக்குப் பித்து. நான்கு கட்டம் சேர்ந்த ஒரு சதுரம். முதல் கட்டம் பூஜ்யம் என்று வைத்தால், மற்ற மூன்றையும், ஏறியோ இறங்கியோ, விதி மீறாமல் எத்தனை விதமாக நிரப்பலாம்? எண்ணினேன். பத்தொன்பது. அத்தனையையும் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி, அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி மேட்டையே நிரப்பினேன்.

ஒருநாள் மதியம் ஒரு பெண் குடத்தோடு விழுந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். கணுக்கால் வீங்கியிருந்தது. மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார்.

“கண்ணு பொடனியிலயா இருக்குது? நாளையிலேருந்து வராத.” என் பக்கம் திரும்பினார். “பிளான்ல எதாவது தப்புங்களா சார்?”

“இல்லையே. பக்கத்துக்குப் பக்கம் ஒரு படிதான்” என்றேன், அட்டையின் திமிரில்.

அவள் வலியோடு சிரித்தாள். “பக்கம் பக்கமா யாரு சார் போறது? தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு தூக்கிகினு, காலையிலேருந்து நடக்கறோம். மூலைக்கு மூலை குறுக்காலதான் போவோம். நீங்க ஒரு குடம் தூக்கிகினு சுத்திப் போங்க, நானும் சுத்துறேன்.”

“சாருக்குப் பேனா தூக்கவே ரெண்டு கை வேணும், வுடுடீ” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அவள் விழுந்த மூலையைப் பார்த்தேன். இந்த மூலை பூஜ்யம், எதிர் மூலை இரண்டு, நடுவில் ஒன்றும் ஒன்றும். குறுக்கே நான்கடிப் பள்ளம். விதி அப்படியே இருந்தது; கால்தான் வீங்கியிருந்தது.

தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசைக்குத் திரும்பி அட்டையைக் குறுக்காகப் படித்தேன். பத்தொன்பதில் நான்கு மூலைக்கு மூலை இரண்டு படி வித்தியாசத்தில் நின்றன. அடித்தேன். மீதி பதினைந்து.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். திருத்த உத்தரவு கிடைத்தது. மேஸ்திரியிடமும் போய், அவள் மேல் தப்பில்லை என்றேன்.

“அதுக்கென்ன சார்” என்றார், பீடியை அணைத்தபடி. “வேற ஆள் போட்டாச்சு.”

மேட்டில் இப்போது மரங்கள் நிழல் தருகின்றன. அந்தப் பதினைந்தும் இன்றுவரை சரியான கணக்குதான். ஆனால் அன்று மதியமே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை மறுநாள் காலைக்குத் தள்ளினேனே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.