பின்பலகையில் ஓர் இடம்

எழுபதுகளின் கடைசியில் சிலமலையிலிருந்து ஏலக்காய் எடுக்க மலைக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு நான் அழவில்லை. என்னை அழ வைத்தவள் என் சித்தப்பா மகள். எனக்குத் தங்கை, என்னோடுதான் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பின் பின்பலகையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அது என்ன பெரிய இடம் என்று கேட்பவர்கள் அந்த ஜீப்பில் ஏறியதில்லை. உள்ளே ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்போம். எவளுடைய தூக்குச்சட்டியோ இடுப்பில் குத்தும். எவளாவது வாந்தி எடுப்பாள். பின்பலகையில் மட்டும் காற்று வரும். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, போடி ஊர் கீழே சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே மதினி இருப்பாள். யாருக்கும் அவள் சொந்த மதினி இல்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். வந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவள். டிரைவரையே கேலி செய்வாள். அவள் சேலைத் தலைப்பைச் செருகுகிற மாதிரியே நாங்கள் தாவணியைச் செருகினோம். அவள் சிரித்தால்தான் எங்களுக்கும் சிரிப்பு வரும்.

பின்பலகை சும்மா கிடைக்காது. அது பழைய ஜீப்பு. ஏறுகிற லோடுக்கு, மலை உச்சியிலிருக்கும் மெட்டுக்குப் போகிற சாலையின் வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்பாது. நின்று, கொஞ்சம் பின்னால் வாங்கித்தான் திரும்ப வேண்டும். பிரேக்கை நம்ப முடியாது. அதனால் ஒருத்தி கீழே குதித்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். வண்டி ஏறத் தொடங்கியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, மதினி நீட்டும் கையைப் பிடித்து ஏற வேண்டும். மறுபடி நிறுத்தினால் இழுக்காது என்று டிரைவர் நிறுத்த மாட்டார். இதற்கென்று முன்பு ஒரு கிளீனர் இருந்தாராம். அந்த இடத்தில் இன்னும் ஒரு ஆளை ஏற்றலாம் என்று ஓனர் அவரை நிறுத்திவிட்டார். சாலை ஓரத்தில் சுவர் கிடையாது. அதற்கு அப்புறம் பள்ளம்தான்.

கட்டை போட மதினி என் தங்கையைத்தான் கூப்பிட்டாள். அவளைவிட நான் வேகமாக ஓடுவேன், அது ஊருக்கே தெரியும். ஒருநாள் வெட்கத்தை விட்டு, நான் போடுகிறேனே என்று கேட்டேன்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுத மேய்க்க" என்றாள் மதினி. ஜீப்பு முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தங்கை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிக்கும்போது, கட்டை வழுக்க வேண்டும், கை எட்டாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அடிபட வேண்டாம், அசிங்கப்பட்டால் போதும். ஒன்றும் ஆகாது. ஏறி உட்காருவாள். மதினி அவள் தோளில் கை போட்டுக்கொள்வாள். ஒருநாள் தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி இவளுக்கு வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். சொன்னால் எனக்கும் அந்த இடம் கிடைக்காதே.

மழை பெய்த ஒரு காலை. மெட்டுக்கு முந்திய கடைசி வளைவில் வண்டி நின்றது. தங்கை எழுவதற்குள் நான் ஆட்களை மிதித்துக்கொண்டு வெளியே குதித்து, கட்டையைப் பறித்துச் சக்கரத்துக்குப் போட்டேன். சரியாகத்தான் போட்டேன். வண்டி ஏறியது. கட்டையோடு ஓடினேன். மதினியின் விரல் நுனி என் கையில் பட்டது. கால் சேற்றில் வழுக்கியது. விழுந்தேன். மதினி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

தங்கை ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டாள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒன்னைய யாரு குதிக்கச் சொன்னா?" என்றேன்.

ஜீப்பு மேலே மெட்டில்தான் நிற்கும், அதுவரை நடக்க வேண்டும். அவள் கட்டையை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்.

"ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு ஈரக்கொல நடுங்கும்க்கா. இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிரணும்னுதான் தெனமும் வருவேன். நீ வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டே இருப்ப. நீ பாக்கயில எப்படிச் சொல்றது?"

மதினிக்காகக் குதிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. எனக்கென்ன பயம், நாளையிலிருந்து நானே போடுகிறேன் என்றேன். அவள் கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மெட்டில் ஜீப்பு நின்றிருந்தது. தங்கை நேரே உள்ளே ஏறிக்கொண்டாள். நான் பின்பலகையில் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி என் தோளில் கை போட்டாள். வண்டி கிளம்பியதும் காற்று நன்றாக வந்தது. நாளைக்கு எத்தனை வளைவு ஏற வேண்டும் என்ற நினைப்பு வந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். அத்தனை நெரிசலிலும் எவள் தோளிலோ சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் என் தங்கை. அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா?