மடங்கிய நான்கு விரல்கள்

கள்ளக்குறிச்சி மைதானத்தில் ஓட்டம் பழகும் பிள்ளைகளிடம் மனநல ஆய்வாளர் ஒருவர் சில வாக்கியங்களை வாசித்தார். முழுதாக நம்பினால் ஐந்து விரல், துளியும் நம்பாவிட்டால் ஒரு விரல் காட்ட வேண்டும்.

"தோற்றால் என்னை யாருக்கும் பிடிக்காது" என்றதும், ஸ்டாப்வாட்சோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு என் மகள் ஐந்து விரல் காட்டினாள்.

பக்கத்தில் அவள் தோழி, கல்வராயன் மலைப் பெண். "உங்கப்பாவுக்குத்தான்டி புடிக்காது. எங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்று சிரித்தபடி என் மகளின் நான்கு விரல்களை மடக்கிவிட்டாள். மிச்சம் நின்ற ஒற்றை விரல் நான்.

அடுத்து சங்கராபுரம் போட்டியில் மகள் நான்காவதாக வந்தாள். வழக்கம்போல் வினாடிக் கணக்குச் சொல்லாமல், "பசிக்குதாம்மா?" என்றேன்.

தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரோட்டா வாங்கிக் குடுப்பா. அவளுக்கும் சேத்து."

அந்தத் தோழிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இலையில் இன்னொரு பரோட்டா வைக்கச் சொன்னேன்.